காட்டுவதும் கேட்பதும்

புதிதாக விலாக் தொடங்கும் பெண்களுக்கென்று ஒரு பட்டியல் புழங்குகிறது. எழுந்ததிலிருந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும்வரை எடுக்கும் ‘மார்னிங் ரொட்டீன்’, வீட்டைச் சுற்றிக் காட்டும் ‘ஹோம் டூர்’, அலமாரிகளைத் திறந்து காட்டும் ‘கிச்சன் டூர்’, மாத மளிகை பட்ஜெட், துணிக்கடையில் வாங்கி வந்ததைப் பிரித்துக் காட்டுவது, வெள்ளிக்கிழமை வீடு துடைத்து விளக்கேற்றுவது, பிள்ளையின் பிறந்தநாள், மாமியாரோடு ஒரு நாள். யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதையேதான் சொல்வார்கள். பெரிய செலவில்லை, வீட்டைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை, கையிலிருக்கும் போனே போதும் என்பதுதான் இந்தப் பட்டியலின் கவர்ச்சி.

ஆண்களுக்குச் சொல்லப்படும் பட்டியல் வேறு. பைக்கில் மலையேறுவது, ஊர் ஊராகப் போய்ப் பரோட்டா சாப்பிடுவது, புதுப் போனைப் பிரித்துக் காட்டுவது. அவனுக்கு ஊர், அவளுக்கு வீடு. வகுப்பறையில் அகம் புறம் என்று பிரித்துப் பாடம் நடத்துகிற எனக்கு, அந்தப் பிரிவு போன் திரைக்குள்ளும் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது சிரிப்பும் வருகிறது, யோசனையும் வருகிறது.

வீட்டைக் காட்டலாமா கூடாதா என்பதைத்தான் எல்லோரும் விவாதிக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் கேள்வி ஒன்று உண்டு. வீட்டைக் காட்டும்போது அந்த வீட்டில் இருக்கும் யாரிடமெல்லாம் கேட்க வேண்டும்? கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிகிறவர்கள் அங்கே யார், சொல்ல முடியாதவர்கள் யார்?

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். போனை நிமிர்த்தி வைத்துத் தன் அடுப்படியைப் படம் பிடிக்கிற பெண்ணின் பக்கம்தான் நான் நிற்கிறேன். ‘வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே’ என்பது நம் பாட்டிமார் காலத்திலிருந்து பெண்களுக்கு மட்டும் சொல்லப்பட்டு வரும் புத்திமதி. அந்தப் புத்திமதி காப்பாற்றியது பெண்களை அல்ல. அடி வாங்கியதும், பட்டினி கிடந்ததும், பங்கு மறுக்கப்பட்டதும் வெளியே தெரியாமல் காப்பாற்றப்பட்டன. வீட்டின் மானம் என்று பெயர் வைத்துக்கொண்டு வீட்டின் மௌனத்தைத்தான் காவல் காத்தார்கள்.

இந்தத் தலைமுறைப் பெண்களும் அதே காவலைத்தான் சந்தித்தார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் செயலியைத் தடை செய்யச் சொன்னது. அந்த மாதத்துக்குள்ளேயே தடை நீக்கப்பட்டது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது அதுவும் சேர்ந்து போனது. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் நம் ஊர்ப்பக்கம் நடந்த பேச்சு எனக்கு நினைவிருக்கிறது. வயல்காட்டிலும் தீப்பெட்டி ஆபீசிலும் வேலை முடித்து வந்து ஆடிய பெண்களைக் கலாச்சாரச் சீரழிவு என்றார்கள். அதே செயலியில் ஆடிய ஆண்களுக்கு அந்தப் பட்டம் அவ்வளவு தாராளமாகக் கிடைக்கவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டாருக்காக ஊதியமின்றி வீட்டு வேலை செய்யும் இந்தியப் பெண் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள். அந்த வேலையில் கைவைக்கிற ஆண்களின் சராசரி 97 நிமிடம். கைவைக்கவே செய்யாத ஆண்கள் இந்தச் சராசரிக்குள் வரவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2023 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் மாதம் 1000 ரூபாய் தருகிறது. அந்தத் தொகை போதுமா என்பது வேறு விவாதம். அதை உதவித்தொகை என்னாமல் உரிமைத்தொகை என்றதில் ஓர் ஒப்புதல் இருக்கிறது: இவள் வீட்டில் சும்மா இருக்கவில்லை. ஒரு விலாக் இதைத்தான் கண்ணுக்குத் தெரியவைக்க முடியும். அரிசி களைவதையும் பாத்திரம் விளக்குவதையும் துணி மடிப்பதையும் பார்க்கத்தக்க செயல்களாகச் சட்டத்துக்குள் வைப்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. அந்த வேலையைத் திரையில் நாம் பார்ப்பதில்லை. வேலை முடிந்த பிறகு இருக்கும் வீட்டைத்தான் பார்க்கிறோம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரும் உணவு விலாக்காரர்கள் எல்லோரும் பால்கோவாவைப் படம் பிடிப்பார்கள். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இன்னும் அதிகம். பால் கொதித்து, சுண்டி, சர்க்கரையோடு திரண்டு வரும்வரை அடுப்புச் சூட்டில் நின்று விடாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கிண்டல்தான் பால்கோவா. படத்திலோ பால் பொங்குகிறது, கரண்டி இரண்டு சுற்று சுற்றுகிறது, அடுத்த நொடியில் இலையில் பால்கோவா. நடுவில் இருந்த தோள்வலி வெட்டப்பட்டுவிடுகிறது. வீட்டு விலாக்கிலும் இதே கதைதான். ‘மார்னிங் ரொட்டீன்’ தொடங்கும்போதே வாசல் தெளித்தாயிற்று, தலை வாரியாயிற்று. ராஜபாளையத்தை ஒட்டிய தளவாய்புரத்தில் வீட்டுக்கு வீடு நைட்டி தைக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் பாதி நாளைக் கழிப்பது அந்த நைட்டியில்தான். படம் எடுக்கப் போகும்போது முதலில் கழற்றப்படுவதும் அதுதான். வேலை செய்கிற உடையில் வேலை செய்வதைக் காட்டக்கூடாது என்ற விதியை யார் போட்டார்கள்?

பெல்ஜிய இயக்குநர் ஷந்தால் அகெர்மான் 1975இல் ‘ழான் தீல்மான்’ என்று ஒரு படம் எடுத்தார். ஒரு விதவைத் தாயின் மூன்று நாள். 201 நிமிடம் ஓடும். அவள் உருளைக்கிழங்கு உரிப்பதையும் படுக்கையைச் சரிசெய்வதையும் பாத்திரம் கழுவுவதையும் கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். பார்க்கிற நமக்குக் கால் மரத்துப்போகும். 2022இல் பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் உலகின் தலைசிறந்த படமாக அது தேர்வானது. நம் மாணவிகள் ‘டே இன் மை லைஃப்’ என்கிறார்களே, அதன் நேர்மையான வடிவம் அதுதான் என்று நினைத்துக்கொள்வேன். தமிழில் அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யும் ஒரு வகையில் கிச்சன் டூர்தான். அலமாரியை மட்டுமல்லாமல், அந்த அறை வீட்டின் எந்த மூலையில் இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்பதையும் அது காட்டிவிடுகிறது.

சமையலே பார்க்கத்தக்க காட்சியாக எப்போது மாறுகிறது என்பதையும் கவனிக்கலாம். 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரரைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’. புதுக்கோட்டை மாவட்டத்தில் தாத்தாவும் பேரன்மாரும் திறந்த வெளியில் அண்டா வைத்துச் சமைப்பார்கள். பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. அவர்கள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆண்கள் ஊருக்கு வெளியே கூடிச் சமைத்தால் அது திருவிழா. பெண் உள்ளே தனியாகச் சமைத்தால் அது நேற்றைய வேலை, நாளைய வேலை. அதைப் பார்க்கவைக்க அவள் சிரிக்க வேண்டும், உடுத்த வேண்டும், வீட்டையே அலங்கரிக்க வேண்டும். ஒரு வேலையோடு இன்னொரு வேலை சேர்ந்துகொள்கிறது.

கணக்கும் இருக்கிறது. நீண்ட காணொளிகள் போடும் சேனல் யூடியூப் விளம்பரத்திலிருந்து பணம் பெற 1000 சந்தாதாரர்கள் வேண்டும்; அதோடு ஓராண்டுக்குள் 4000 மணி நேரம் மற்றவர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். அந்த 4000 மணி நேரத்தை மேலே சொன்ன 299 நிமிடத்தால் வகுத்துப் பார்த்தேன். 800 நாளுக்கு மேல் வருகிறது. ஒரு பெண் இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு நாளும் விடாமல் செய்யும் வீட்டு வேலையின் நேரம் அது. அவ்வளவு நேரம் அவளை முகம் தெரியாதவர்கள் பார்த்த பிறகே முதல் ரூபாய். வீட்டில் இருப்பவர்கள் பார்த்த நேரத்துக்கு இதுவரை யாரும் கணக்கு வைத்ததில்லை.

இனி, என்னை இந்தக் கட்டுரை எழுதவைத்த இடத்துக்கு வருகிறேன்.

நான் பாடம் நடத்தும் கல்லூரிக்கு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சுற்றுப்பட்டிகள் என்று பல இடங்களிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். பஞ்சாலையில் ஷிப்டு பார்க்கும் அம்மா, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டும் அம்மா, நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா. ஒருநாள் ஒரு மாணவி போனை நீட்டி ஒரு ‘கிச்சன் கிளீனிங்’ காணொளியைக் காட்டினாள். பளிச்சென்று மேடை, வரிசையாக டப்பாக்கள். நடுவில் இரண்டு நொடி சிங்க், ஓடும் தண்ணீர், தட்டு அலசும் ஒரு கை. அதோடு காட்சி மாறிவிடுகிறது.

“மேம், அது எங்கம்மா கை” என்றாள்.

அவள் அம்மா அந்த வீட்டில் வேலை செய்கிறார். காணொளியில் பேசுகிறவர் ‘நான் எப்படி என் கிச்சனை மெயின்டெயின் பண்றேன்னா’ என்று தொடங்கி முடிக்கும்வரை அந்தக் கைக்கு உரியவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாணவிக்கு அழுகை வரவில்லை. கோபமும் முழுதாக வரவில்லை. “முகத்தக் காட்டலையேனு கோவப்படணுமா, கையக் காட்டிட்டாங்களேனு கோவப்படணுமா, அதுதான் மேம் தெரியல” என்றாள்.

அறத்தைப் பற்றி நான் வாசித்த பல பக்கங்களைவிட இந்தக் கேள்வி கூர்மையானது. காட்டுவது தவறென்றால் முகத்தை விட்டது மரியாதை. மறைப்பது தவறென்றால் அதே செயல் அவமதிப்பு. எது சரி? இரண்டில் எதையும் அந்த அம்மாவைக் கேட்காமல் சொல்ல முடியாது. ‘என் முகம் வேண்டாம்மா, வெக்கமா இருக்கு’ என்று அவர் சொல்லியிருக்கலாம். ‘நான்தான் தேய்க்கிறேன்னு சொல்லேன்’ என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டுமே நியாயம். கேட்காமல் செய்தால் இரண்டுமே அநியாயம். வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007லேயே தனி நலவாரியம் வந்துவிட்டது. காகிதத்தில் அவர்கள் தொழிலாளர்கள். ஹோம் டூரில் அவர்கள் இன்னும் சட்டத்துக்கு வெளியே தள்ளப்படும் கைகள்.

அடுத்து பிள்ளைகள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017ஆம் ஆண்டு திருத்த விதிகள், நடிக்க வரும் குழந்தையை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்கின்றன; இடைவேளையின்றி மூன்று மணிக்கு மேல் கூடாது; வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்பாக வைக்க வேண்டும். படப்பிடிப்புத் தளத்தை மனத்தில் வைத்து எழுதிய விதிகள். வீட்டு ஹாலே தளமாகி, அம்மாவே இயக்குநரானால் மணிக்கணக்கை யார் பார்ப்பது? பிரான்ஸ் 2020 அக்டோபரில் இதற்கென்றே சட்டம் இயற்றியது. காணொளிகளில் தோன்றும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வருமானத்தைப் பாதுகாத்து வைக்கவும், பின்னாளில் தன் படங்களை நீக்கும்படி பிள்ளையே கேட்கவும் அதில் வழி இருக்கிறது. காசைவிட அந்த இரண்டாவது உரிமைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மூன்று வயதில் பாத்ரூம் பழகியதை ஊருக்குக் காட்டிவிட்டு, பதிமூன்று வயதில் அவள் பள்ளிக்கூடத்தில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

பிரசவ அறைவரைக்கும் கேமரா போய்விட்டது. 2024 மே மாதம் சென்னையின் பிரபல யூடியூபர் இர்ஃபான், பிறக்கவிருக்கும் தன் குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் துபாயில் பரிசோதித்து அறிந்து, காணொளியில் அறிவித்தார். பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1994இல் வந்த சட்டத்தைச் சுட்டிச் சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது, காணொளி நீக்கப்பட்டது. அக்டோபரில், அறுவை அரங்கில் தானே தொப்புள்கொடியை வெட்டும் காட்சியை வெளியிட்டார். இம்முறை மருத்துவமனைமீதும் நடவடிக்கை வந்தது. பாலினத்தை வெளியிட்டது சட்டமீறல், மருத்துவரல்லாதவர் கத்தரியைத் தொட்டது விதிமீறல் என்று ஊரெல்லாம் பேசியது. சரிதான். அந்த மேசையில் படுத்திருந்த பெண்ணைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அவர் முழுமனதோடு சம்மதித்திருக்கலாம், எனக்கு அதில் ஐயம் சொல்ல உரிமையில்லை. நான் பேசுவது பொதுவான நிலைமையை. வயிறு திறந்து கிடக்கும் நேரத்தில், கணவனின் தொழிலும் குடும்பத்தின் வருமானமும் அதுவாக இருக்கும்போது, ‘வேண்டாம்’ என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு எவ்வளவு இடம் இருக்கும்? சம்மதம் என்ற சொல்லுக்குப் பொருள் வருவது, மறுத்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது என்ற நிலையில்தான்.

இந்த இடத்தில் என் துறைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. பழைய பெருமை பேசுவதற்காக இல்லை; இந்தச் சிக்கலை நம் மொழி ஏற்கனவே ஒருமுறை யோசித்திருக்கிறது என்பதற்காக.

அகப்பாடல்களில் யார் பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. தலைவி, தலைவன், தோழி, செவிலி. அவ்வளவுதான். களவு, பிரிவு, ஊடல், பரத்தையிடம் போன கணவன் என்று வீட்டுக்குள் நடக்கும் எதையும் பாடலாம். ஆள் யாரென்று மட்டும் தெரியக்கூடாது. நெடுநல்வாடையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிவில் வாடும் அரசி, பாசறையில் இருக்கும் அரசன் என்று அகப்பாட்டுக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. ஆனால் வேலில் கட்டியிருக்கும் வேப்பந்தார் அவன் பாண்டியன் என்று காட்டிக்கொடுத்துவிடுவதால் அதை அகமாகக் கொள்ள முடியாது என்றார் நச்சினார்க்கினியர். ஒரு வேப்பந்தார் போதும் ஆளைக் காட்டிக்கொடுக்க. இன்று பிள்ளையின் சீருடையில் உள்ள பள்ளி முத்திரை, சன்னல் வழியாகத் தெரியும் தெருமுனைக் கடைப் பலகை, மேசைமேல் கிடக்கும் மருந்துச்சீட்டு எல்லாம் வேப்பந்தார்தான்.

விலாக் இந்த மரபைத் தலைகீழாக்கிவிட்டது. சங்கப் பெண் ஆளை மறைத்து, மனத்தைத் திறந்தாள். விலாக்கில் ஆள், முகவரி, பீரோ, பிள்ளை எல்லாம் தெரிகின்றன. மனம் மட்டும் தெரிவதில்லை. அலுப்பு தெரிவதில்லை, சண்டை தெரிவதில்லை, வேலை தெரிவதில்லை. மறைக்க வேண்டியதைக் காட்டி, காட்ட வேண்டியதை மறைக்கிறோம்.

இந்த மரபைப் பெண்களை வாய்மூடச் செய்ய யாராவது பயன்படுத்தலாம் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பதில் இருக்கிறது. மார்கழி விடியலில் எழுந்து, நீராடி, தோழியரை எழுப்பிக்கொண்டு போகும் திருப்பாவை ஒரு காலைப்பொழுதின் பாட்டுத்தான். முப்பது பாட்டு. வீடு வீடாகப் போகிறாள். ஒரு வீட்டில் விளக்கு எரிவதும் புகை மணப்பதும் படுக்கையில் ஒருத்தி அசையாமல் கிடப்பதும் நமக்குத் தெரிகின்றன. தூங்குகிற அந்தத் தோழியரில் ஒருத்தியின் பெயரும் பாட்டில் இல்லை. கேலி செய்து எழுப்புகிறாளே தவிர, யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. கடைசிப் பாட்டில் ஊர் சொல்கிறாள், தகப்பனைச் சொல்கிறாள், கோதை என்று தன் பெயரைச் சொல்கிறாள். நாச்சியார் திருமொழியில் தன் உடம்பின் ஏக்கத்தைத் தன் குரலிலேயே பாடியவளும் அவள்தான். சூடிய மாலையோடு அவள் தன்னைப் பார்த்துக்கொண்டதாக ஊர் சொல்லும் கண்ணாடிக் கிணறு இன்றும் அங்கே இருக்கிறது. தன்னைத் தானே பார்த்துக்கொண்டாள், தன்னைத் தானே பெயர் சொல்லி முன்வைத்தாள். அந்த உரிமைக்கு எல்லை இல்லை. மற்றவர்கள் விஷயத்தில் எல்லை இருந்தது.

ஆனால் எல்லோரையும் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும் என்றால் எந்தப் பெண்ணும் எதையும் பேச முடியாதே என்று என் மாணவிகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. சாதியைப் பற்றியும் கன்னியர் மடத்துக்குள் தான் கண்டதைப் பற்றியும் எழுத அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. நமக்குத் தீங்கு செய்தவரிடம் அந்தத் தீங்கைச் சொல்ல அனுமதி கேட்பது என்ன நியாயம்? ஆனால் அவருடைய சொந்த மக்களே, நம்மை இப்படி எழுதிவிட்டாளே என்று கோபப்பட்டதும், சில மாதம் அவர் ஊருக்குள் போக முடியாமல் இருந்ததும் அவரே சொன்ன செய்திகள். படித்த பிள்ளைகள் ஊராருக்கு வாசித்து விளக்கிய பிறகு அந்தக் கோபம் தணிந்தது. எழுதப்பட்டவர்களுக்கே அதை வாசித்துக் காட்டியது அங்கே வேலை செய்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் எளிமையானது. என்மேல் அதிகாரம் உள்ளவரைப் பற்றிப் பேச நான் அனுமதி கேட்க வேண்டியதில்லை. என் அதிகாரத்துக்குக் கீழே இருப்பவரைக் காட்ட நான் கேட்டே ஆக வேண்டும். எனக்குச் சமமானவர்களுக்கு, வெளியிடும் முன் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. மாமியார் அதிகாரம் செலுத்தும் வீட்டில் மருமகள் தன் துயரத்தைச் சொல்லலாம். அதே மாமியார் படுத்த படுக்கையாகி, மருமகள் கையால் சோறு வாங்கும் நிலை வந்தபின், அந்த ஊட்டலைப் படம் பிடித்து ‘மாமியாருக்கு நான் செய்யும் சேவை’ என்று போடுவதற்கு முன் கேட்க வேண்டும். ஆள் மாறவில்லை. யார் கையில் யார் இருக்கிறார் என்பது மாறிவிட்டது.

‘அப்படியானால் பெண் மறுபடியும் எல்லோரிடமும் கைகட்டி அனுமதி வாங்க வேண்டுமா?’ என்று கேட்டால், அனுமதி வேறு, சம்மதம் வேறு என்பேன். அனுமதி மேலிருந்து கீழே வருவது. கணவன் தருவது, மாமனார் தருவது. நூறு வருடமாக அதை எதிர்த்துத்தான் நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். சம்மதம் என்பது நம்மைவிடப் பலம் குறைந்தவரிடம் நாம் போய்க் கேட்பது. நம்மிடம் யாரும் அப்படி வந்து கேட்டதில்லை. பெண் பார்க்க வந்தபோது, வேலையை விடச் சொன்னபோது, நகையை அடகு வைத்தபோது கேட்கவில்லை. கேட்கப்படாததன் வலி நமக்குத் தெரியும். அது தெரிந்தவள் கையில் கேமரா வரும்போது அவள் வேறு மாதிரி நடந்துகொள்வாள் என்று எதிர்பார்ப்பதுதான் என் பெண்ணியம்.

புதிதாகத் தொடங்கும் பெண்ணுக்கு ஆலோசனை சொல்லச் சொன்னால், நான் வேறொரு பட்டியல் தருவேன். உங்கள் கைகளை எடுங்கள்: பூண்டு உரிப்பது முழுவதையும், வெட்டாமல், வேகம் கூட்டாமல். நைட்டியோடு எடுங்கள். ஒரு நாள் முழுக்க நீங்கள் எத்தனை தடவை உட்கார்ந்தீர்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள். மளிகை பட்ஜெட் போடும்போது உங்களுக்கென்று வாங்கியது எது என்று ஒரு வரி சேருங்கள். மில்லிலிருந்து ஷிப்டு முடிந்து வரும் அம்மாவிடம் கேட்டுவிட்டு, அவர் சொல்ல விரும்புவதை அவர் குரலில் மட்டும் பதியுங்கள். ஒற்றை அறை வீடென்றால் அந்த ஒற்றை அறையையே காட்டுங்கள். வாடகை எவ்வளவு என்றும் சொல்லுங்கள். வீட்டில் வேலை செய்யும் அக்காவிடம் பெயர் சொல்லவா வேண்டாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அவர் கையையும் எடுக்காதீர்கள். ஆனால் ‘இந்தப் பாத்திரங்களை நான் தேய்க்கவில்லை’ என்று உங்களைப் பற்றிய உண்மையைச் சொல்லுங்கள். அதற்கு யார் சம்மதமும் தேவையில்லை. பிள்ளைக்குப் பேச்சு வந்துவிட்டதென்றால் பிள்ளையிடம் கேளுங்கள். வரவில்லையென்றால் வரும்வரை காத்திருங்கள்.

இந்தப் பட்டியலால் 4000 மணி நேரம் சீக்கிரம் வந்துவிடும் என்று நான் உறுதி தர மாட்டேன். வராமலே போகலாம். என் மாணவியின் அம்மா இன்றைக்கும் அந்த வீட்டில்தான் வேலை செய்கிறார். அந்தக் காணொளியைப் பற்றி அவரிடம் யாரும் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.